ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் கணிதம். பயிற்சிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, 42 பேர். இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். மூன்றாவது வாரம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இயற்கணித முற்றொருமை ((a + b)² போன்ற சூத்திரங்கள்) பாடத்துக்கு லெசன் பிளான், சார்ட், ஃப்ளாஷ் கார்டு எல்லாம் தயார் செய்துகொண்டுதான் போனேன். பத்தே நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒரு பெண் எழுந்து “மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் டீச்சர் ப்ளஸ் வருது?” என்று கேட்டாள். “அது ரூல்மா” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். ஒரு பையன் “நீங்க எப்ப டீச்சர் போவீங்க?” என்றான், எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு, பள்ளியில் என் பயிற்சிக்கு வழிகாட்டும் கைடு டீச்சர் குச்சியோடு வந்து வாசலில் நின்றார். வகுப்பு கப்சிப். “சிரிச்சுப் பேசினா ஏறி மேஞ்சிடுவாங்கம்மா, ஆரம்பத்துலயே கண்டிப்பா இருந்துக்கோ” என்றார். அன்று மத்தியானம் சாப்பிடாமல் அழுதேன். நான் கண்டிப்பாக மாற வேண்டுமா? எனக்கு இந்த வேலையே வராதோ? இன்னொன்று: பிள்ளைகள் இன்ஸ்டாகிராம் ஐடி கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்த 42 பேரும் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் 34 ஆண்டு கணக்கு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக் காலம் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உங்களைப் போல யாராவது ஒரு பயிற்சி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரத்தில் அழாதவர்கள் அவர்களில் மிகக் குறைவு. அழுததை வைத்து வேலை வருமா வராதா என்று முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிள்ளைகள் என்ன பேசினார்கள், எப்படிச் சிரித்தார்கள், யார் வந்ததும் அடங்கினார்கள் எல்லாம் இருக்கிறது. அவர்கள் நோட்டில் என்ன எழுதினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. முதன்முதலாக 84 கண்கள் நம் மேல் விழும்போது நம் குரல், நம் புடவை, நம் கை நடுக்கம் இவற்றைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரிவதில்லை. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றுதான்: வகுப்பு உங்களை எப்படிப் பார்க்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் நோட்டைப் பார்க்க ஆரம்பியுங்கள். அதிலும் ஃபேர் நோட்டு வேண்டாம். ரஃப் நோட்டு. அதிலும் கடைசிப் பக்கம்.

ஏன் என்று சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நான் பி.எட். படித்தபோது அது ஓராண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சி 40 நாள்தான். நான் போனது ஒரு பெண்கள் பள்ளி. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் நான் எழுதியது அவள் நோட்டில் அச்சு அசலாக இருக்கும், அடிக்கோடு உட்பட. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருநாள், பயிற்சியைப் பார்வையிடும் சூப்பர்வைசர் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தபோது, நம் கெட்டிக்காரப் பிள்ளையைக் காட்டலாம் என்று அவளை எழுப்பி, புத்தகத்திலிருந்த வாக்கியக் கணக்கை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசிக்கவில்லை. பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்து “வாசிம்மா, வாசிம்மா” என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வராது. பார்த்து எழுத மட்டும்தான் வரும். எட்டு வருடம் அப்படியே எழுதி எழுதி மேலே வந்திருக்கிறாள். அடுத்த மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. எனக்கு வயது 22. அந்தப் பிள்ளை நின்ற நிலை இன்றைக்கும் என் கண் முன்னால் இருக்கிறது.

ஃபேர் நோட்டில் இருப்பது நம் கையெழுத்தின் நகல். பிள்ளை தானே யோசித்துப் போட்டுப் பார்த்தது ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும், கிரிக்கெட் ஸ்கோருக்கும் சினிமாக்காரர் பெயருக்கும் பக்கத்தில். திங்கட்கிழமை நீங்கள் வகுப்பில் நடந்துகொண்டே நாலைந்து நோட்டுகளில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். யாராவது ஒருவன் 64-லிருந்து 28-ஐக் கழித்து 44 என்று போட்டிருப்பான். ஆறிலிருந்து இரண்டு போனால் நான்கு, எட்டிலிருந்து நான்கு போனால் நான்கு. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவன் மூன்றாம் வகுப்பில் தானே வகுத்துக்கொண்ட விதி. ஆறு வருடமாக அதை யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் நீங்கள் இயற்கணித முற்றொருமை சார்ட்டைத் தொங்கவிடுகிறீர்கள். அவன் பேசாமல் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்? வகுப்பில் எழும் இரைச்சலில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். பாடம் எட்டாத பிள்ளைக்கும் 45 நிமிடத்தைக் கழித்தாக வேண்டுமே.

அதனால் வகுப்புக்குள் போனதும் அமைதிக்காகக் காத்து நிற்காதீர்கள். “சத்தம் போடாதீங்க” என்பதை ஒரு பீரியடில் முப்பது தடவை சொன்னால் தொண்டைதான் கட்டும். உள்ளே போன கையோடு, பேசாமல், பலகையில் ஒரு கணக்கு எழுதுங்கள். வகுப்பில் 35 பேருக்காவது போட வரக்கூடிய கணக்கு. ரஃப் நோட்டில் போடச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடங்கள். மேசைக்கும் பலகைக்கும் இடையே மட்டும் நிற்கிற டீச்சருக்கு முதல் இரண்டு பெஞ்சுதான் வகுப்பு. நடக்கிற டீச்சருக்கு முழு அறையும் வகுப்பு. சரியாகப் போட்டவன் நோட்டில் ஒரு டிக், பெயரைச் சொல்லி ஒரு சொல். தப்பாகப் போட்டிருந்தால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இந்த ஸ்டெப்பை இன்னொரு வாட்டி பாரு.” முதல் ஐந்து நிமிடம் இப்படிப் போனால் மீதி நாற்பது நிமிடம் உங்கள் பக்கம் வரும். முதல் நாளே வராது, ஒரு வாரம் ஆகும்.

பெயர் என்றேன். 42 பெயரையும் இந்த வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும். “ஏய், நீ, அந்த ப்ளூ பேக்” என்று கூப்பிடும்வரை வகுப்பில் யாருக்கும் முகம் கிடையாது. முகம் இல்லாத பிள்ளைதான் துணிந்து சத்தம் போடும்.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த இரைச்சலுக்கு நடுவே எழுந்து நின்று ‘ஏன்’ என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் பதற்றத்தில் ரூல் என்று சொன்னது புரிகிறது. ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த வகுப்பிலேயே அவள் பெயரைச் சொல்லி, “அன்னைக்கு நல்ல கேள்வி கேட்டா, நான் சரியா பதில் சொல்லல, இன்னைக்குப் பார்ப்போம்” என்று ஆரம்பியுங்கள். பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: 3 × (−2) = −6. 2 × (−2) = −4. 1 × (−2) = −2. 0 × (−2) = 0. இடது பக்கம் ஒவ்வொன்றாகக் குறைகிறது, வலது பக்கம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். அடுத்த வரியில் (−1) × (−2) = என்று எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. யாராவது “ப்ளஸ் ரெண்டு” என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள், அம்மா. நாம் வேலைக்கு வந்ததே அந்தச் சத்தத்துக்காகத்தான்.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பது சுலபமில்லை. அமெரிக்காவில் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். புதிதாக வருபவர்களுக்கு அந்த மூன்று நொடி மூன்று மணி நேரமாகத் தெரியும், பின்னால் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நீளும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பழகுங்கள்.

முற்றொருமை நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். (a + b)² என்றால் a² + b² என்று எழுதாத ஒன்பதாம் வகுப்பை நான் பார்த்ததில்லை. சூத்திரத்தைப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுத வைத்தாலும் பரீட்சையில் அதையேதான் எழுதுவார்கள். சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு துண்டு கிராஃப் தாள் கொடுங்கள். பக்கத்துக்கு ஏழு கட்டமாக ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். மொத்தம் 49 கட்டம். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று, நான்கு என்று பிரித்துக் கோடு போட்டால் உள்ளே நான்கு துண்டு விழும். 9 கட்டத்தில் ஒரு சதுரம், 16 கட்டத்தில் ஒரு சதுரம். இரண்டும் சேர்ந்து 25 தான். மீதி 24 எங்கே போனது? ஆளுக்குப் பன்னிரண்டு கட்டத்தோடு இரண்டு செவ்வகம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். “2ab-ஐ எங்க விட்டீங்க?” என்று அதற்குப் பிறகு கேட்டுப் பாருங்கள். விரலை வைத்துக் காட்டுவார்கள்.

ரெகார்டுக்காக லெசன் பிளானைப் பத்திப் பத்தியாக எழுத வேண்டியிருக்கும், எழுதுங்கள், மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. ஆனால் வகுப்புக்குப் போகும்போது அதிலிருந்து மூன்று விஷயத்தை மட்டும் உள்ளங்கை அளவுத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: முதலில் என்ன கணக்கு, இடையில் என்ன கேள்வி, பெல் அடிக்கும் முன் என்ன பார்த்துவிட வேண்டும். மீதியைப் பிள்ளைகள் போகிற போக்கைப் பார்த்துத்தான் நடத்த முடியும்.

கண்டிப்பு பற்றிக் கேட்டீர்கள். குச்சியைத் தொடாதீர்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, ‘மக்கு’ என்பது, ஃபெயில் மார்க்கை வகுப்பு முழுக்கக் கேட்க வாசிப்பது இவற்றுக்கெல்லாமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். அடிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை ‘ஏன் டீச்சர்’ என்று கேட்காது.

கண்டிப்பு வேறு. சொன்னதைச் செய்வதுதான் கண்டிப்பு. நாளைக்கு டெஸ்ட் என்றால் நாளைக்கு டெஸ்ட் நடக்க வேண்டும், திருத்திய தாள் மறுநாள் கையில் இருக்க வேண்டும். ஹோம்வொர்க் கொடுத்தால் பார்க்க வேண்டும், பார்க்க முடியாது என்றால் கொடுக்கக் கூடாது. உங்களுக்குப் பிடித்த பிள்ளைக்கு ஒரு நியாயம், கடைசி பெஞ்சுக்கு ஒரு நியாயம் இருக்கக் கூடாது. ஒருவன் தப்பு செய்தால் அவனோடு மட்டும், வகுப்பு முடிந்தபின், வராந்தாவில் பேசுங்கள். எல்லார் முன்னாலும் பேசினால் அவனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், 14 வயதில் மானம் ரொம்பப் பெரியது. சிரிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். சிரித்த முகத்தோடு “இல்லப்பா, முடிச்சிட்டுத்தான் போகணும்” என்று சொல்ல முடியும்.

உங்கள் கைடு டீச்சரை இதற்காக எதிரியாக நினைக்க வேண்டாம். அவர் வாசலில் நின்றதும் பிள்ளைகள் அடங்கியதற்குக் குச்சி மட்டும் காரணமில்லை. அவருக்கு அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து தெரிந்திருக்கும். யார் அப்பா செங்கல் சூளைக்குப் போய்விட்டார், யார் பாட்டியோடு இருக்கிறான், யாருக்குக் கண் சரியாகத் தெரியாது எல்லாம் அவரிடம் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கேளுங்கள். குச்சி விஷயத்தில் வகுப்பு முன்னால் வாதம் செய்யாதீர்கள். “எனக்கு அது வரலைங்க, நான் வேற மாதிரி செஞ்சு பார்க்கிறேன், தப்பா போனா சொல்லுங்க” என்று தனியாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நடக்கும் என்று தெரிந்து சொல்கிறேன். பயிற்சி ஆசிரியர் வந்தால் வராத ஆசிரியர்களின் பீரியட் எல்லாம் அவர் தலையில் விழும். விடைத்தாள் கட்டு, ஆன்லைன் என்ட்ரி, புத்தகம் எடுத்து வைப்பது என்று வேலை வந்துகொண்டே இருக்கும். பள்ளிகளில் ஆள் பற்றாக்குறை உண்மை, கொஞ்சம் செய்யத்தான் வேண்டும். உங்கள் சொந்த வகுப்பு பறிபோகிற அளவுக்குப் போனால் ஹெச்.எம்.-மிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கல்லூரியில் சொல்லுங்கள். அந்த வேலைகளில் ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யச் சொல்வேன். உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழ் வாங்கிச் சேர்க்கச் சொன்னால், வகுப்பில் நின்று “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க” என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு வாங்குங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

இன்ஸ்டாகிராம் ஐடி கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் எண்ணும் வேண்டாம். “டீச்சருக்கும் ஸ்டூடண்டுக்கும் இந்த வகுப்புதான், சந்தேகம் இருந்தா இங்கயே கேளுங்க” என்று எல்லாருக்கும் ஒரே பதில். அவர்கள் படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ரெகார்டுக்குப் புகைப்படம் வேண்டுமென்றால் ஹெச்.எம். அனுமதியோடு, முகம் தெரியாமல் எடுங்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். யாராவது பையன் உங்களைப் பற்றி அசிங்கமாக ஏதாவது எழுதினாலோ சொன்னாலோ அதை உங்கள் குற்றமாக எடுத்துக்கொண்டு மறைக்காமல் அன்றே கைடு டீச்சரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சின்ன டீச்சரிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். வீட்டிலோ வெளியிலோ தன்னை யாரோ தப்பாகத் தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள், நம்புங்கள், அன்றே ஹெச்.எம்.-மிடம் சொல்லுங்கள். அங்கே அசைவு இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நீங்களே பேசுங்கள். இப்படி ஒன்று நடப்பது யாருக்குத் தெரிந்தாலும் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டம், பயிற்சி ஆசிரியருக்கும் அது பொருந்தும்.

கழித்தலில் தடுமாறும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எல்லாரையும் உங்களால் தூக்கிவிட முடியாது. ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். சத்துணவு சாப்பிட்டு முடித்தபின் தினமும் பத்து நிமிடம், மரத்தடியில், தீப்பெட்டிக் குச்சிகளை வைத்துப் பத்துக் கட்டுகளாகக் கட்டிக் கழித்தல் சொல்லிக்கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு என்று மற்றவர்கள் கேலி செய்யாமல் இருக்க, ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்றெல்லாம் பெயர் வைக்காமல், சார்ட் செய்ய உதவிக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிடுங்கள். நடப்பதை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள், வகுப்பில் கண்ட ஒரு சிக்கலை நீங்களே சரிசெய்து பார்த்து எழுத வேண்டிய செயலாராய்ச்சி ரெகார்டும் அதிலேயே முடிந்துவிடும்.

கடைசியாக அந்தப் பையன். “நீங்க எப்ப டீச்சர் போவீங்க?” என்று அவன் கேட்டதை உங்களை விரட்டுவதாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் ஆறாம் வகுப்பு முதல் பயிற்சி டீச்சர்களைப் பார்த்திருப்பான். வருவார்கள், பெயர் கேட்பார்கள், சாக்லேட் கொடுப்பார்கள், கடைசி நாள் அழுது போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் நிரந்தர டீச்சரும் மாறுதலில் போயிருப்பார். உங்களோடு பழகலாமா, உங்கள் பாடத்தை நம்பி உட்காரலாமா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இருக்கும் ஒரே கேள்வி அதுதான். 2015-16-இல் பி.எட். இரண்டாண்டானது முதல் இரண்டாம் ஆண்டுக்குப் பயிற்சி 16 வாரம். மூன்று போனால் உங்களுக்கு இன்னும் 13 வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை உள்ளே போனதும் கடைசி நாள் தேதியைப் பலகையின் மூலையில் எழுதி, அவன் பெயரைச் சொல்லி, “இந்தத் தேதிக்குப் போவேன், அதுக்குள்ள நாம முடிக்க வேண்டியது இவ்வளவு இருக்கு” என்று அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.